"எனக்குத் தெரியாமல் உடம்புக்குள்ள போயிட்டுது" எண்டு ஒரு வீரர் சொன்னா நம்பலாமா?

தம்பி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். மேலால பாத்தா ஊக்கமருந்து டெஸ்ட்டில மாட்டுப்பட்ட டென்னிஸ்காரரில யானிக் சின்னருக்கு ஏன் 3 மாசத் தடை, சிமோனா ஹாலெப்புக்கு ஏன் 4 வருஷம் எண்டு தான் கேட்டிருக்கிறீங்க. ஏகாம்பரம் மைதானத்தில பந்து அடிச்சு முடிச்சு மதில்ல இருந்து கதைக்கேக்க கூட்டாளிமார் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, ஒருத்தர் "காசிருந்தா எந்தக் கறையையும் கழுவலாம்" எண்டு சொல்ல, மற்றவர் எழும்பிப் போனதாயும் எழுதியிருந்தீங்க. ஆனா உங்களை உள்ளுக்க அரிக்கிறது அந்த மாசக் கணக்கு இல்லை எண்டு நினைக்கிறன். டெஸ்ட்டில மாட்டுப்பட்ட எல்லாரும் ஒரே வசனத்தைத் தான் சொல்லுறாங்க, "எனக்குத் தெரியாது, எப்பிடியோ போயிட்டுது" எண்டு, அதில யாரு உண்மை யாரு பொய் எண்டு வெளியில நிக்கிற நாங்க எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது, அது தான் உங்கட கேள்வி. கடைசி வரியில, தம்பியார் ஸ்கூலுக்காக ஓட்டப்போட்டி ஓடுறவர், ஜிம்மில வாங்கின பவுடர் குடிக்கிறார், அவருக்கும் ஏதும் வருமோ எண்டு போற போக்கில ஒரு கேள்வி போட்டிருந்தீங்க. எனக்கென்னவோ அது தான் முதல் கேள்வியா இருந்திருக்க வேணும், ஆனா அதைக் கடைசியில சொல்லுறன்.

நான் மருந்தாளர், திருகோணமலை டவுனுக்குள்ள மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால 24 வருஷமா நிக்கிறன். ஸ்கூல் விளையாட்டுப் போட்டி, கழகங்கள்ட மெட்ச் எண்டா முதலுதவி மேசையில கூப்பிட்டு இருத்துவாங்க, அந்தப் பழக்கத்தில ஒரு தடவை கொழும்பில ஒரு தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்து டெஸ்ட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போற வேலையும் செய்தனான். சட்டத்தரணி இல்லை, லாப்பில வேலை செய்யிற ஆளும் இல்லை. ஒரு குளிசை உடம்புக்குள்ள போனா எவ்வளவு நாளைக்கு நிக்கும், எந்தப் பெட்டியில என்ன கலந்திருக்கும், இதில தான் என்ர பேச்சுக்குப் பெறுமதி, சட்டப் பக்கத்தை நான் சொல்லேக்க வாசிச்சு விளங்கின ஆள் சொல்லுறதா மட்டும் எடுங்க.

முதல்ல சந்தேகமே இல்லாத விசயத்தைச் சொல்லுறன். லாப் சொல்லுறது ஒண்டே ஒண்டு தான்: இந்தப் போத்தலுக்குள்ள இந்தச் சாமான் இருக்குது. எப்பிடி வந்தது, யாரு குடுத்தது, தெரிஞ்சு எடுத்தாரா எண்டு லாப் சொல்லாது, சொல்லவும் ஏலாது. சட்டமும் அந்த இடத்தில இரக்கம் பாக்கிறதில்லை. உங்கட உடம்புக்குள்ள இருந்தா பொறுப்பு உங்கட, அவ்வளவு தான். சாதாரணக் கோட்டில குற்றம் சாட்டினவன் தான் நிரூபிக்க வேணும், இங்க அப்பிடியே தலைகீழ், எப்பிடி உள்ள வந்தது எண்டு வீரர் தான் காட்ட வேணும். அதுவும் சாமானைப் பொறுத்து மாறும். தசை வளக்கிற ஸ்டீராய்ட் மாதிரி, விளையாட்டு வீரருக்கு வேற எந்தத் தேவையும் இல்லாத சாமானெண்டா 4 வருஷத்தில இருந்து தான் கணக்குத் தொடங்கும், "வேணுமெண்டு செய்யேல்லை" எண்டு காட்டினா தான் இறங்கும். சிறுநீரைக் கூட்டுற தண்ணிக் குளிசை, நோவுக்கு எடுக்கிற சில மருந்து மாதிரி, தற்செயலா வாய்க்குள்ள போகக்கூடிய சாமானெண்டா தொடக்கம் 2 வருஷம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் இருக்குதே, சுருக்கமா வாடா, (பேரைக் கேட்டா கூட்டாளியைக் கூப்பிடுற மாதிரி இருக்கும், வந்து பாத்தா தெரியும்), அவங்கட சட்டக்கோவை எல்லாருக்கும் ஒண்டு தான். சின்னருக்கு ஒரு புத்தகம் கிண்ணியாப் பெடியனுக்கு ஒரு புத்தகம் எண்டு இல்லை.

அந்த அறைக்குள்ள என்ன நடக்குது எண்டு பாத்திருந்தா பாதிச் சண்டை குறைஞ்சிரும். நான் கூட்டிக்கொண்டு போன பெடியன் 5000 மீட்டர் ஓடி முடிச்சு வந்தவன், சட்டையைப் பிழிஞ்சா ஒரு கோப்பை தண்ணி வரும், ஆனா உடம்புக்குள்ள ஒரு சொட்டு இல்லை. குறைஞ்சது 90 மில்லிலீற்றர் சிறுநீர் வேணும், அவனுக்கு வந்தது 40. அதை முத்திரை வச்சு ஒரு பக்கத்தில வச்சிட்டு, மூடி உடைக்காத தண்ணிப் போத்தல்களுக்குள்ள அவனே ஒண்டைத் தெரிஞ்செடுத்துக் குடிச்சுக் குடிச்சு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இருந்தான். நிறையத் தண்ணி குடிச்சாலும் கரைச்சல், சிறுநீர் ஐதாப்போனா இன்னொருக்காத் தா எண்டு கேப்பாங்க. அவன் போகேக்க வரேக்க நான் கண்ணை எடுக்கக் கூடாது, சாம்பிள் குடுக்கேக்க அதிகாரி பக்கத்தில நிண்டு நேராப் பாப்பார், வெக்கப்பட்டு ஒண்டும் ஏலாது. பெட்டியைத் தெரிவு செய்யிறது அவன், இலக்கத்தை வாசிச்சுச் சரி பாக்கிறது அவன், ரெண்டு போத்தல்ல ஊத்தி மூடுறதும் அவன். பிறகு ஃபோம். கடைசி 7 நாளில எடுத்த மருந்தெல்லாம் எழுதச் சொல்லியிருக்குது. "பனடோல்" எண்டு எழுதினான், பேனையைத் தூக்கி வச்சுக்கொண்டு என்னைப் பாத்து மெல்லமாக் கேட்டான், "அண்ணை, அம்மா காச்சித் தந்த கசாயத்தையும் எழுதவோ?" எழுது எண்டன். "அதுக்குள்ள என்ன போட்டது எண்டு எனக்குத் தெரியாதே" எண்டான்.

நான் இந்தத் துறையைப் பற்றி எப்ப யோசிச்சாலும் அந்த வசனம் தான் வரும். அவன்ட ரிசல்ட்டில ஒண்டும் இல்லை, நல்லகாலம். ஆனா ஏதும் வந்திருந்தா, அந்தக் கசாயத்துக்குள்ள என்ன இருந்தது எண்டு உலகத்துக்கு நிரூபிக்க வேண்டினவன் அவன் தான், இலங்கையில வாடா அங்கீகரிச்ச லாப்பே இல்லை, சாம்பிள் வெளிநாட்டுக்குத் தான் போகும். பஸ்ஸுக்குக் காசு எண்ணி வச்சிருந்த பெடியன் அவன்.

சரி, சின்னர். 2024 மார்ச் மாசம் எட்டு நாள் இடைவெளியில ரெண்டு டெஸ்ட், ரெண்டிலயும் க்ளோஸ்டபோல் எண்ட ஸ்டீராய்ட். அவர்ட விளக்கம் கேக்க சினிமாக் கதை மாதிரி: அவர்ட உடற்பயிற்சிக் கோச் இத்தாலியில வாங்கின ட்ரோஃபோடெர்மின் எண்ட ஸ்ப்ரே, அதை மசாஜ் பண்ணுறவர் வெட்டுப்பட்ட விரலுக்கு அடிச்சார், கையுறை போடாமல் சின்னருக்கு மசாஜ் பண்ணினார், தோலால உள்ள போயிட்டுது. கேட்ட உடனே நீங்க சிரிச்சிருப்பீங்க, நானும் சிரிச்சன். பிறகு அளவைப் பாத்தன். ஒரு மில்லிலீற்றரில ஒரு கிராமை நூறு கோடியாப் பிரிச்சா வாற ஒரு பங்கை விடவும் குறைவு. கடையில இருந்து கல்குலேட்டர்ல போட்டுப் பாத்தன், ஒரு தேக்கரண்டி சீனியை, பத்தாயிரம் லீற்றர் பிடிக்கிற பவுசர் ஒரு ஐயாயிரம் நிரம்பின தண்ணியில கரைச்ச மாதிரி. இந்த அளவில அது தசையை வளக்காது, அதில சந்தேகமே இல்லை. ஆனா இதில ஒரு நுட்பம் இருக்குது, ரசிகர்மார் தவறுறது இதில தான்: சொற்ப அளவு எண்டது நிரபராதி எண்டதுக்குச் சாட்சி இல்லை. பெரிய டோஸ் எடுத்து முடியிற நாளிலயும் கடைசியில இந்த அளவு தான் மிஞ்சும், வாலைப் பிடிச்சிட்டு மாட்டைப் பாக்கேல்லை எண்டு சொல்லுற மாதிரி. அதால தான் அளவோட சேத்து கதை பொருந்துதா எண்டு பாக்கிறாங்க. அந்த மருந்து இத்தாலியில டொக்டர்ட துண்டு இல்லாமலே வாங்கலாம், விரல் வெட்டுப்பட்டது உண்மை, ரெண்டு டெஸ்ட்டிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சுயாதீன விசாரணைக் குழு அவரில பிழை இல்லை எண்டு சொல்லிச்சுது, வாடா மேன்முறையீடு செய்து 1 தொடக்கம் 2 வருஷம் கேட்டுது, ஆனா அவங்களும் மசாஜ் கதையை மறுக்கேல்லை, உன்ர ஆக்கள் விட்ட பிழைக்கு நீ தானே பொறுப்பு எண்டு தான் வாதாடினாங்க. கடைசியில 2025 பெப்ரவரியில இணக்கமாப் பேசி 3 மாசம், பெப்ரவரி 9 தொடக்கம் மே 4 வரை.

அந்தத் திகதிகளைப் பாத்தா உங்கட கூட்டாளிக்கு ஏன் கோவம் வந்தது எண்டு விளங்கும். ஒரு கிராண்ட் ஸ்லாமும் தவறேல்லை, திரும்பி வந்தது சொந்த நாட்டில ரோமில, அந்த ஜூலையிலயே விம்பிள்டனும் வெண்டார். மார்ச்சில மாட்டுப்பட்ட விசயம் ஓகஸ்ட் வரைக்கும் வெளியில வரவும் இல்லை. தற்காலிகத் தடைக்கு எதிரா குறிச்ச நாளுக்குள்ள மனுப் போட்டு வெண்டா விசயத்தை வெளியில சொல்லுறதில்லை எண்டு விதி இருக்குது, ஆகவே ஒளிச்சாங்க எண்டு சொல்லுறது சரியில்லை. ஆனா குறிச்ச நாளுக்குள்ள, அதுவும் ஒரு சில நாளுக்குள்ள, நல்ல சட்டத்தரணியும் விஞ்ஞானியும் கையில இருக்க வேணுமே, அது எத்தனை பேருக்கு இருக்கும்? இந்த இடத்தில உங்கட கூட்டாளி சரி.

ஹாலெப் விசயத்தில ஒரு திருத்தம். 4 வருஷம் எண்டது முதல் தீர்ப்பு தான், 2023ல குடுத்தது. 2022 அமெரிக்க ஓபனில ரொக்ஸாடுஸ்டாட் எண்ட இரத்தசோகை மருந்து அவட சாம்பிள்ல வந்தது, அவ ஒரு கொலாஜன் சப்ளிமென்ட்டில கலந்திருந்தது எண்டு சொன்னா. லோசானில இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் 2024 மார்ச்சில அதைப் பெரும்பாலும் ஏத்துக்கொண்டு 9 மாசமாக் குறைச்சுது. ஆனா கதை என்னெண்டா அதுக்குள்ள அவ ஒண்டரை வருஷம் வீட்டில இருந்திட்டா. 9 மாசத் தண்டனைக்கு 17 மாசம் இருந்தவ, தீர்ப்பு வந்தேக்க வயசு 32, முழங்கால் பிரச்சினை வேற, 2025 தொடக்கத்தில விளையாட்டையே விட்டிட்டா. இன்னொரு டென்னிஸ்காரி ஈகா ஷ்வியான்டெக்கை எடுங்க, நித்திரைக்கு எடுத்த மெலடோனின் குளிசையில கலப்படம், அந்தக் குளிசையையே லாப்பில சோதிச்சுக் காட்டினதால 1 மாசத்தோட முடிஞ்சுது. இந்த மூண்டு பேரையும் பக்கத்தில வச்சுப் பாத்தா, விதி மாறினதால தண்டனை மாறேல்லை, சாமான் எங்க இருந்து வந்தது எண்டதை எவ்வளவு கெதியா நிரூபிச்சாங்க எண்டதில தான் மாறிச்சுது. காசு நீதிபதியை வாங்கேல்லை, நேரத்தை வாங்கிச்சுது. என்ர மனசில பட்டது இது தான், இதை யாரும் கொமன்ட்டில எழுதிக் காணேல்லை.

எங்கட நாட்டுக்கே வாங்க. கிரிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேராட விசயம் உங்களுக்கு மங்கலா ஞாபகம் இருக்கும். 2015 டிசம்பரில நியூசிலாந்து டூரில இருந்து திருப்பி அனுப்பினாங்க, டோஹா லாப்பில அவர்ட சாம்பிள்ல ஒரு ஸ்டீராய்ட் சம்பந்தப்பட்ட சாமான் கண்டதா ரிப்போர்ட். 4 வருஷம் தலைக்கு மேல தொங்கிச்சுது. கடையில அண்டைக்கு வந்த ஒவ்வொருத்தரும் ஒரு தீர்ப்புச் சொல்லிட்டுத் தான் போனாங்க, "அதானே பாத்தன், அந்தச் சின்ன உடம்பில இருந்து அப்பிடி சிக்ஸ் எப்பிடிப் போகுது எண்டு" எண்டு ஒரு பென்ஷன் ஐயா பிறஷர் குளிசையை வாங்கிக்கொண்டே சொன்னார், நானும் தலையாட்டினன், அதை ஒளிக்க விரும்பேல்லை. 2016 மே மாசம் ஐ.சி.சி. குற்றச்சாட்டை முழுசா வாபஸ் வாங்கிச்சுது. அந்தச் சாமான் சொற்ப அளவில உடம்பில தானாயும் உண்டாகக் கூடியது எண்டு நிபுணர்மார் காட்ட, லாப்பே தன்ர முடிவைத் திருத்திச்சுது. அதாவது அவர் எதையும் எடுத்தார் எண்டதுக்கு ஒரு சாட்சியும் இல்லை. அதுக்குள்ள இந்தியாவில நடந்த 2016 ரி20 உலகக் கிண்ணம் போயிட்டுது, அவரால விளையாட ஏலேல்லை. வெளிநாட்டுச் சட்டத்தரணி, நிபுணர் எண்டு கிரிக்கெட் சபை பின்னால நிண்டதால தான் அந்த ரிப்போர்ட்டைக் கேள்வி கேக்க முடிஞ்சுது. கிரிக்கெட் எண்டபடியா நிண்டாங்க. பளு தூக்கிறவருக்கு யாரு நிப்பாங்க?

2019 பெப்ரவரியில டர்பனில 304 ஓட்டத்தை விரட்டேக்க 226க்கு 9 விக்கெட் போனபிறகு விஷ்வ பெர்னாண்டோவை மற்றப் பக்கத்தில வச்சுக்கொண்டு 153 அடிச்சு ஆட்டமிழக்காமல் வெண்டு குடுத்தாரே, அதே குசல் தான். அண்டைக்கு அந்தப் பென்ஷன் ஐயாவும் கடை ரீவிக்கு முன்னால நிண்டவர். ரெண்டு பேரும் பழைய கதையைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.

உபுல் தரங்க விசயம் வேற மாதிரி, அது எங்கட ஊருக்கு இன்னும் கிட்ட. 2011 உலகக் கிண்ண அரையிறுதியில எடுத்த சாம்பிள்ல ப்ரெட்னிசோலோன் வந்தது. கனநாளாத் தோள்மூட்டு நோவு, அதுக்கு ஒருத்தர் குடுத்த மூலிகை மருந்தை எடுத்திருக்கிறார். ஐ.சி.சி. விளையாட்டுக்கு உதவ எடுத்ததில்லை எண்டு ஏத்துக்கொண்டும் 3 மாசம் தடை, ஏனெண்டா கேட்டுப் பாக்காமல் எடுத்தது அவர்ட கவலையீனம். இதை நான் நூறு வீதம் நம்புறன், காரணம் ப்ரெட்னிசோலோனை நான் ஒவ்வொரு நாளும் கையில எடுக்கிறவன். மலிவு, நோவையும் வீக்கத்தையும் கெதியா அடக்கும். பரியாரிமார் எல்லாரையும் சொல்லேல்லை, பரம்பரையா மூலிகை மட்டும் குடுக்கிற நல்ல ஆக்களை எனக்குத் தெரியும், ஆனா ரெண்டு நாளில நோவைப் பறக்க வைக்கிற "மூலிகைத் தூள்" கொஞ்சப் பேர் விக்கிறாங்க. என்ர மாமி முழங்கால் நோவுக்கு அப்பிடி ஒரு தூளை மூண்டு மாசம் எடுத்தவ, சொர்க்கம் எண்டா, முகம் உருண்டு வீங்கி சீனி ஏறின பிறகு தான் டொக்டர் பிடிச்சவர். சாமானை லாப்பில குடுத்துப் பாக்கேல்லை, ஆகவே அதுக்குள்ள இன்னது இருந்தது எண்டு சத்தியம் பண்ண மாட்டன், ஆனா அந்த முகத்தை மருந்தாளர் ஒருத்தர் பாத்தா வேற யோசனை வராது. ஆயுர்வேதம், இயற்கை, மூலிகை எண்டு லேபலில போட்டிருக்கிறது டெஸ்ட் மெஷினுக்கு வாசிக்கத் தெரியாது.

இதுக்கு நேர் எதிர் ஷேன் வோன். 2003 உலகக் கிண்ணத்துக்கு தென்னாபிரிக்கா போய் முதல் மெட்ச்சுக்கு முதல் நாள் திரும்பி வந்தார், அம்மா தந்த தண்ணிக் குளிசை, உடம்பு மெலிய எடுத்தன் எண்டார். 12 மாசம். குளிசை உண்மையிலயே தண்ணிக் குளிசை தான், தசை வளக்காது, ஆனா சிறுநீரை ஐதாக்கி வேற சாமானை மறைக்கலாம், அதால தான் தடைப் பட்டியல்ல இருக்குது. அவர் ஒண்டையும் மறைச்சார் எண்டதுக்குச் சாட்சி இல்லை. ஆனா விசாரணைக் குழு அவர்ட கதையை முழுசா விழுங்கேல்லை, நானும் தான். தொழில்முறை வீரர், டீம் டொக்டர் ஒரு ஃபோன் தூரத்தில, அம்மாட குளிசையைக் கேட்டுப் பாக்காமல் போடுறாரெண்டா அது தெரியாமல் போனதில்லை, தெரிய விரும்பாமல் போனது. தடை முடிஞ்சு வந்து 2004 மார்ச்சில காலியில 500வது டெஸ்ட் விக்கெட் எடுத்தார், அடுத்த மெட்ச்சில கண்டியில முரளியும் 500 எடுத்தார், சனம் ரெண்டுக்கும் கைதட்டிச்சுது. திறமையை யாரும் மறுக்கேல்லை, அது வேற கணக்கு.

டெஸ்ட்டில பாஸ் எண்டா சுத்தம் எண்டும் நினைக்காதீங்க. சுசந்திகா ஜெயசிங்கவுக்கு 1998ல நான்ட்ரலோன் எண்ட ஸ்டீராய்ட் எடுத்தா எண்டு பழி வந்து, பட்ட அவமானம் கொஞ்சமில்லை, பிறகு விடுபட்டா. 2000 சிட்னியில 200 மீட்டர் 22.28 செக்கன், மூண்டாவது. முதலாவதா வந்த மரியன் ஜோன்ஸ் அண்டைக்கு டெஸ்ட்டில சுத்தம். 2007ல அவவே வாயால ஒத்துக்கொண்டா, ஊக்கமருந்து எடுத்தனான் எண்டு. 2009ல தான் எங்கட சுசந்திகாட வெண்கலம் வெள்ளியா மாறிச்சுது. ஒன்பது வருஷம், மேடையும் இல்லை கீதமும் இல்லை. மாட்டுப்பட்டவ விடுபட்டா, மாட்டுப்படாதவ தான் கள்ளி. இதை ஒரு மதில்ல இருந்து எப்பிடித் தீர்க்கிறது சொல்லுங்க.

தென்னாபிரிக்கக் கிரிக்கெட் வீரர் ரபாடாவையும் இதுக்குள்ள கொண்டு வந்திருந்தீங்க, 1 மாசத்தில விட்டிட்டாங்க எண்டு. அது வேற பெட்டி. போதைக்காக எடுக்கிற சில சாமானுக்கு 2021 சட்டக்கோவையில தனி வழி இருக்குது, போட்டிக்கு வெளியில எடுத்தது, விளையாட்டுக்கு உதவ எடுக்கேல்லை எண்டு காட்டினா 3 மாசம், சிகிச்சைத் திட்டத்தில சேந்து முடிச்சா 1 மாசம். ரபாடா அந்த வழியால வந்தவர். அதைச் சின்னரோட ஒப்பிடுறது ஹெல்மெட் போடாத தண்டத்தையும் களவையும் ஒப்பிடுற மாதிரி.

அப்ப நான் ஒரு செய்தி வந்தா எதைப் பாக்கிறன் எண்டு கேட்டா, முதல் நாள் தலைப்பைப் பாக்கிறதில்லை, குசலோட அந்தப் பழக்கத்தை விட்டிட்டன். சாமான்ட பேரைப் பாப்பன், அது கடையில இருமல், நோவு, தொய்வு மருந்தில வாற சாமானா இல்லை ஒரு தேவைக்கும் விக்காத சாமானா எண்டு. தொய்வுக்கு இழுக்கிற சல்பியூட்டமோல் பம்ப்புக்கே ஒரு நாளைக்கு 1600 மைக்ரோகிராம் எண்டு எல்லை இருக்குது, அதைத் தாண்டினா ஆள் கள்ளன் இல்லை, மூச்சு முட்டினவனாயும் இருக்கலாம். பிறகு, அந்த ஆள்ட கதை எத்தனை தரம் மாறுது எண்டு பாப்பன். முதல் கிழமை இறைச்சி, ரெண்டாவது கிழமை சப்ளிமென்ட், மூண்டாவது கிழமை எதிரிமார்ட சதி எண்டு போனா எனக்குக் காணும். ஒரே கதையைச் சொல்லி அந்தக் குளிசைப் போத்தலை மேசையில வைக்கிறவரை நம்பப் பாப்பன். இதெல்லாம் செய்தும் பிழைக்கலாம், ஒருத்தற்ற நெஞ்சுக்குள்ள என்ன இருந்தது எண்டு காட்டுற லாப் இன்னும் கட்டேல்லை. "நூறு வீதம் கள்ளன்" எண்டவரும் "நூறு வீதம் அப்பாவி" எண்டவரும், உங்கட ரெண்டு கட்சியும் தான், தங்களிட்ட இல்லாத சாட்சியை வச்சுச் சண்டை பிடிக்கிறாங்க.

இனி தம்பியாரிட பவுடர். ஸ்கூல் மட்டத்தில டெஸ்ட் வராது எண்டு நினைச்சிராதீங்க, எங்கட நாட்டில 2013லயே இதுக்குச் சட்டம் வந்திட்டுது, இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம், சுருக்கமா ஸ்லாடா, இருக்குது, தேசிய மட்டத்துக்குப் போற பிள்ளையெண்டா எப்பவும் கூப்பிடலாம். பனடோலும் பிரிட்டன் எண்ட அலர்ஜிக் குளிசையும் பிரச்சினை இல்லை, ஆனா மூக்கடைப்புக்கு விக்கிற சில தடிமன் குளிசையில சூடோஎஃபெட்ரின் இருக்கும், போட்டி நாளில அது கூடிப்போனா மாட்டும். பவுடர் எண்டா நிலமை இன்னும் மோசம், மருந்துக்கு இருக்கிற கட்டுப்பாடு அதுக்கு இல்லை, டப்பாவில எழுதினது தான் உள்ளுக்க இருக்குது எண்டு யாரும் பொறுப்பு நிக்கிறதில்லை. "இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட்" எண்டு முத்திரை போட்ட சாமான் ஒவ்வொரு தொகுதியாச் சோதிச்சு வாறது, அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனா விலை கூட, போலி முத்திரையும் இருக்கும், தொகுதி இலக்கத்தை அவங்கட தளத்தில போட்டுப் பாக்கலாம். ஜிம்மில கறுத்த பையில அள்ளித் தாற பவுடரெண்டா இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க. ஓடுற 17 வயசுப் பிள்ளைக்கு ரெண்டு முட்டையும் கடலையும் ஒரு துண்டு சூரை மீனும் காணும், திருகோணமலையில இருந்துகொண்டு புரதத்துக்கு டப்பா தேடுறது எனக்குச் சிரிப்பு வாற விசயம்.

இல்லை, குடிக்கத் தான் போறார் எண்டா ஒரு வேலை செய்யுங்க. ஒவ்வொரு டப்பாவிலயும் கடைசி ரெண்டு கரண்டியைக் குடிக்காமல் விட்டு, மூடி இறுக்கி, வாங்கின துண்டையும் ஒட்டி, திகதி எழுதி அலுமாரிக்கு மேல வைக்கச் சொல்லுங்க, சாம்பிள் குடுத்தா அந்த ஃபோமில பவுடர்ட பேரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்க. ஷ்வியான்டெக்கிட்ட இருந்தது அது தான், சோதிக்கக் குடுக்க மிச்சக் குளிசை. ஹாலெப்பின்ட ஒண்டரை வருஷம் சப்ளிமென்ட்டில இருந்து தான் வந்தது எண்டு நிரூபிக்கிறதில தான் போனது. இப்ப வீட்டில இருக்கிற டப்பாவின்ட லேபலை நாலு பக்கமும் படம் எடுத்து இங்கயே போடுங்க, பின்னேரம் கடை மூடின பிறகு வாசிச்சுச் சொல்லுறன், தொகுதி இலக்கம் தெரியிற மாதிரி எடுங்க.